கல்லும் தேயும்

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்னும் பழமொழியை நாம் தொடக்கப்பள்ளியிலேயே கற்கிறோம். விடாமுயற்சியின் சிறப்பை உணர்த்த ஆசிரியர்கள் அதனை எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்தப் பழமொழியை வேறொரு கோணத்திலும் பார்க்கலாம் என்பதைத் துருக்கி நாட்டின் பள்ளத்தாக்கு ஒன்றில், மாலை வெயிலில், நான்கு சக்கர மோட்டார் வண்டியில் சென்றபோது உணர்ந்தேன்.

துருக்கியின் நடுப்பகுதியில் கப்படோக்கியா என்னும் வட்டாரம் இருக்கிறது. விடியற்காலை வானில் வண்ண வண்ண வெப்பக்காற்றுப் பலூன்கள் மிதக்கும் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் படங்களில் பலூன்களுக்குக் கீழே கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகள்தாம் அவ்வட்டாரத்தின் உண்மையான அதிசயம். பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்த எரிமலைகள் வெடித்துச் சாம்பலைக் கக்கின. அந்தச் சாம்பல் நிலமெங்கும் தடித்த போர்வைபோல் படிந்து, நாளடைவில் இறுகிப் பாறையானது. சில இடங்களில் அதற்கு மேல் கடினமான பாறை அடுக்கு ஒன்றும் அமைந்தது. பிறகு மழையும் பனியும் காற்றும் ஓடைநீரும் தங்கள் வேலையைத் தொடங்கின. மென்மையான சாம்பற்பாறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. தலைமேல் கடினப்பாறையைத் தொப்பிபோல் கொண்டிருந்த பகுதிகள் மட்டும் தப்பி நின்றன. உள்ளூர் மக்கள் அவற்றைத் 'தேவதைகளின் புகைபோக்கிகள்' என்று அழைக்கின்றனர். அந்தத் தொப்பி என்றைக்காவது சரிந்து விழுந்துவிட்டால், அடியிலுள்ள கூம்பும் விரைவாகக் கரையத் தொடங்கிவிடும்.

பாறையின் இந்த மென்மைதான் மனிதர்களை அங்கே வாழவைத்தது. எளிய கருவிகளைக் கொண்டே அதனைக் குடைந்துவிடலாம். குடைந்த பிறகு காற்றுப்பட்டு அதன் மேற்பரப்பு சற்றே இறுகிவிடும். ஆகவே, மக்கள் வீடுகளையும் தொழுவங்களையும் களஞ்சியங்களையும் பாறைக்குள்ளேயே அமைத்துக்கொண்டார்கள். கிறிஸ்துவத் துறவிகள் தேவாலயங்களைக் குடைந்து, சுவர்களில் வண்ண ஓவியங்களைத் தீட்டினார்கள். தெரின்குயு என்னும் ஊரில் ஏறத்தாழ 85 மீட்டர் ஆழத்திற்கு நிலத்தடி நகரம் ஒன்றே இருக்கிறது. இத்தகைய சிறப்புகளுக்காகக் கோரெமே பள்ளத்தாக்கும் கப்படோக்கியாவின் பாறைக் குடைவுகளும் 1985ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் நானும் என் பதினாறு வயது மகளும் கோரெமே என்னும் சிற்றூரில் தங்கியிருந்தோம். சூரியன் மறையும் நேரத்தில் வழிகாட்டியுடன் பள்ளத்தாக்குகளைச் சுற்றிவரும் வண்டிப் பயணத்திற்கு அவள்தான் ஆசைப்பட்டாள். நம் நாட்டில் ஏடிவி என்று அழைக்கிறோமே, அதே வண்டிதான். வண்டியை ஓட்டும் வயதை அவள் இன்னும் எட்டவில்லை என்பதால் எனக்குப் பின்னால்தான் அமர முடிந்தது. அதில் அவளுக்குச் சிறிது வருத்தம். எனக்குச் சிறிது நிம்மதி.

எங்கள் குழுவில் எட்டு வண்டிகள் இருந்தன. முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒரு வழிகாட்டி. முன்னால் சென்ற இளைஞர் அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். என்னை 'அப்லா' என்று அழைத்தார். துருக்கி மொழியில் அச்சொல்லுக்கு 'அக்கா' என்று பொருளாம். அந்த ஒரு சொல்லே எனக்கிருந்த தயக்கத்தைப் பாதி குறைத்துவிட்டது.

புறப்படுவதற்கு முன் திறந்த வெளியொன்றில் கால் மணி நேரம் பயிற்சி நடந்தது. மோட்டார் சைக்கிளில் கைப்பிடியை முறுக்கி வேகம் கூட்டுவோம். இந்த வண்டியிலோ வலக்கைக் கட்டைவிரலால் சிறு நெம்புகோல் ஒன்றைத் தள்ள வேண்டும். மேட்டில் ஏறும்போது உடலை முன்னால் சாய்க்க வேண்டும். இறங்கும்போது பின்னால் சாய்க்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். புழுதி பறக்கும் என்பதால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளச் சொன்னார்கள். கையை உயர்த்தினால் நிற்க வேண்டும் என்பது போன்ற சில சைகைகளையும் கற்றுக்கொண்டோம். இறுதியாக, வழிகாட்டி ஒரு விதியை மூன்று முறை வலியுறுத்தினார்.

"ஒருவர் பின் ஒருவராகத்தான் வர வேண்டும். என் சக்கரம் பதிந்த தடத்தில்தான் உங்கள் சக்கரமும் பதிய வேண்டும்."

பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டோம்.

வண்டிகள் ஊரைத் தாண்டி வாள் பள்ளத்தாக்கை நோக்கிச் சென்றன. அங்குள்ள பாறைகள் கூர்மையாக, நிமிர்த்திவைத்த வாள்களைப் போல் நிற்கின்றன. அடுத்து ரோஜாப் பள்ளத்தாக்கு. அங்கே பாறைச் சுவர்கள் இளஞ்சிவப்பு நிறத்தில் மடிப்பு மடிப்பாக அலைபோல் நெளிகின்றன. பாறையிலுள்ள இரும்பு துருவேறுவதால்தான் அந்த நிறம் வருகிறது. பள்ளத்தாக்கின் அடியிலோ சிறு சிறு திராட்சைத் தோட்டங்களும் ஆப்ரிகாட் மரங்களும் தென்பட்டன. இவ்வளவு வறண்ட நிலத்திலும் விவசாயம் நடக்கிறதே என வியந்தேன்.

ஓரிடத்தில் வழிகாட்டி எங்களை நிறுத்தி, உயரமான பாறைச் சுவர் ஒன்றைக் காட்டினார். மனிதர் எவரும் நுழைய முடியாத அளவுக்குச் சிறிய துளைகள் அதில் வரிசையாக இருந்தன. சில துளைகளைச் சுற்றி வெள்ளை வண்ணம் பூசியிருந்த அடையாளம் தெரிந்தது.

"இவை புறாக்களின் வீடுகள். வெள்ளை வண்ணத்தைக் கண்டு புறாக்கள் வரும். அவற்றின் எச்சத்தைச் சேர்த்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு எருவாக இடுவார்கள். என் தாத்தாவும் அப்படித்தான் செய்தார்," என்றார் அவர்.

சாம்பல் நிலத்தில் சத்துக் குறைவு. அதனை ஈடுசெய்ய, பாறையைக் குடைந்து பறவைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பறவை மண்ணை வளப்படுத்தியது. மண் திராட்சையைத் தந்தது. திராட்சை மனிதரை வாழவைத்தது. பாறை, பறவை, மனிதர் ஆகிய மூவரும் சேர்ந்து நடத்திய குடும்பம் அது!

மீண்டும் புறப்பட்டோம். பாதை சற்று அகலமானது. வேகமும் கூடியது. என் மகள் பின்னாலிருந்து உற்சாகமாகக் கத்தினாள். அப்போது எங்களுக்கு முன்னால் சென்ற பயணி ஒருவர் திடீரென்று வரிசையை விட்டு விலகினார். பாதையோரம் வெண்மையான சிறு மேடொன்று இருந்தது. அதன்மேல் சீறிக்கொண்டு ஏறி, மறுபக்கம் இறங்கி, வெற்றிக் களிப்போடு கையசைத்தார். குழுவில் இருவர் கைதட்டினர்.

வழிகாட்டியின் கை உயர்ந்தது. எட்டு வண்டிகளும் நின்றன. எந்திரங்களை நிறுத்தச் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. அந்தப் பயணியைத் திட்டவுமில்லை. மேட்டின் அருகே சென்று முழந்தாளிட்டு அமர்ந்தார். எங்களையும் அருகில் அழைத்தார். சக்கரம் ஏறிய இடத்தில் பாறையின் மேற்பரப்பு நொறுங்கி, விரற்கடை ஆழத்திற்கு ஒரு தடம் பதிந்திருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினார். அது மாவுபோல் உதிர்ந்தது.

"மழை பெய்யும்போது தண்ணீர் இந்தத் தடத்தைத்தான் முதலில் தேடி வரும். இந்த ஆண்டு இது ஒரு கீறல். சில ஆண்டுகளில் வாய்க்கால். அதற்குப் பிறகு பள்ளம். இன்றைக்கு ஒருவர் ஏறியதைப் பார்த்து நாளைக்குப் பத்துப் பேர் ஏறுவார்கள். இந்த மேடு வளர்வதில்லை, நண்பர்களே. தேய மட்டும்தான் செய்யும்."

அந்தப் பயணி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டார். வழிகாட்டி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். எவரும் பேசாமல் வண்டிகளில் ஏறிக்கொண்டோம். அதன்பிறகு என் கண்கள் முன்னால் பதிந்திருந்த தடத்தை விட்டு அகலவில்லை.

சிவப்புப் பள்ளத்தாக்கின் மேற்புறத்தை அடைந்தபோது மணி ஏழரையைத் தாண்டியிருந்தது. அங்கு ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. எந்திரங்கள் ஓய்ந்தவுடன் சூழ்ந்த அமைதி எங்களைத் திகைக்கவைத்தது. அதுவரை எங்கள் சத்தத்தைத் தவிர வேறெதையும் நாங்கள் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இப்போது காற்றின் ஓசை கேட்டது. பாறைப் பிளவுகளில் கூடு கட்டியிருந்த பறவைகளின் குரல் கேட்டது.

கதிரவன் சாயச் சாய, எதிரே இருந்த பாறைச் சுவர்கள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, பின்னர் செங்கல் நிறம் பூண்டன. கிழக்கே தொலைவில் எர்ஜியெஸ் மலை உச்சியில் பனி மின்னியது. 3,917 மீட்டர் உயரம் கொண்ட அம்மலை, நம் கினபாலு மலையைவிடச் சற்றே குட்டையானது. நாங்கள் நின்றுகொண்டிருந்த இந்தப் பாறை நிலத்தை உருவாக்கிய எரிமலைகளுள் அதுவும் ஒன்று. நம் நாட்டில் சூரியன் மறைந்த சற்று நேரத்திலேயே இருள் கவிந்துவிடும். அங்கோ சூரியன் சாய்வாக இறங்குவதால், மறைந்த பின்பும் அரைமணி நேரம் வானில் ஒளி நீடித்தது. அந்த ஒளியில் ஒவ்வொரு பாறை மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது.

என் மகள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, இந்த வண்டிகளே இந்த இடத்துக்குக் கெடுதல் என்றால், நாம் வந்திருக்கவே கூடாதா?"

எனக்கு உடனே பதில் கிடைக்கவில்லை. வழியோரத் திராட்சை இலைகள் எங்கள் புழுதியால் வெளுத்திருந்ததை நானும் பார்த்திருந்தேன். அருகில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வழிகாட்டியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை.

"அப்லா, என் அப்பாவுக்குத் திராட்சை சோறு போட்டது. எனக்கு இந்த வண்டி சோறு போடுகிறது. யாரும் வராவிட்டால் எங்கள் இளைஞர்கள் ஊரை விட்டுப் போய்விடுவார்கள். எல்லாரும் இஷ்டப்படி ஓட்டினால் பள்ளத்தாக்கு எங்களை விட்டுப் போய்விடும். அதனால்தான் விவசாயிகளின் பழைய வண்டிப்பாதையிலேயே போகிறேன். நாங்கள் பிழைக்க வேண்டும். பாறையும் பிழைக்க வேண்டும்."

அவர் சொன்னதில் முழுத் தீர்வு இருந்ததாக என்னால் கூற முடியாது. அவர் போன்றவர்கள் எத்தனை கவனமாக இருந்தாலும் புழுதி எழத்தான் செய்யும். ஆனால், தனக்கு வருமானம் தரும் தொழிலே தன் ஊரைத் தேய்க்கக்கூடும் என்பதை அறிந்து, ஒவ்வொரு மாலையும் அதற்கொரு வரம்பு கட்டுகிற மனிதரை நான் மதிக்கிறேன். வழிகாட்டுதல் என்பது வழியைக் காட்டுவது மட்டுமன்று; எது வழியில்லை என்பதையும் காட்டுவதே.

மறுநாள் காலையில், "இன்றைக்கு நடந்து போகலாமா?" என்று என் மகளே கேட்டாள். ரோஜாப் பள்ளத்தாக்கின் ஒற்றையடிப் பாதையில் மூன்று மணி நேரம் நடந்தோம். முந்தைய நாள் சில நிமிடங்களில் கடந்துவிட்ட தொலைவு அது. வண்டியிலிருந்து பார்த்தபோது வெறும் நிழலாகத் தெரிந்த ஒன்று, நெருங்கிப் பார்க்கையில் குடைவு தேவாலயத்தின் வாசலாக இருந்தது. உள்ளே சுவரில் உளியின் கீறல்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. யாரோ ஒருவர் ஒவ்வோர் அடியாக அடித்து அந்த அறையை உருவாக்கியிருக்கிறார். என் மகள் அந்தக் கீறல்களைத் தொடாமல், காற்றிலேயே விரலை ஓட்டிப் பார்த்தாள். முந்தைய நாள் பயணம் அவளுக்கு வீணாகவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

சாகசப் பயணங்கள் வேண்டாம் என்று நான் கூறமாட்டேன். அந்த வண்டியில் ஏறியிராவிட்டால் நாங்கள் அந்த வழிகாட்டியைச் சந்தித்திருக்க மாட்டோம். அந்தத் தடத்தையும் பார்த்திருக்க மாட்டோம். ஆனால், ஓர் இடத்தின் அழகைக் காணச் செல்லும் நாம், அந்த அழகு எதனால் ஆனது என்பதையும், எதனால் அழியும் என்பதையும் தெரிந்துகொண்டு செல்வது நல்லது. கப்படோக்கியாவின் பாறை மென்மையாக இருந்ததால்தான் மனிதருக்கு வீடானது. அதே மென்மையால்தான் அது நம் சக்கரங்களுக்கும் இடம் கொடுத்துவிடுகிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். விடாமல் உழைப்பவருக்கு அது நம்பிக்கை மொழி. ஆயிரக்கணக்கானோர் வந்து செல்லும் ஓரிடத்தில் அதுவே எச்சரிக்கை மொழி. அங்கே ஊரும் எறும்புகள் நாம்தாம்.