தானமும் தோழமையும்

‘சமூகசேவை’ என்பது இன்று மிகவும் மலிந்துபோன சொற்களுள் ஒன்று. வங்கி செய்வதும் சமூகசேவை. மதுபானக் கம்பனி செய்வதும் சமூகசேவை. பரிசளிப்பு விழா மேடையிலே ஒரு கட்டு அப்பியாசக் கொப்பிகளைக் கையளித்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போகும் தனவந்தரும் அச்சொல்லையே உச்சரிக்கிறார். ஆசிரியத் தொழிலைச் செய்யும் எனக்கு இத்தகைய வைபவங்கள் புதியனவல்ல. கொப்பிகள் வேண்டாமென்று நான் கூறமாட்டேன். அவை இல்லாத பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஆயினும், கொடுப்பவர் மேடையிலும் பெறுபவர் கீழேயும் நிற்கும் இந்த ஏற்பாடு சமுதாயத்தில் எதனை மாற்றுகிறது என்ற கேள்வி என்னை விட்டு அகலுவதில்லை.

இக்கேள்வியைப் பற்றிச் சிந்திக்க எனக்குத் துணைபுரிந்தது, நான் சற்றும் எதிர்பாராத ஒரு துறை: அமெரிக்காவின் தொழில்முறைப் பெண்கள் கூடைப்பந்தாட்டம். அங்குள்ள பெண்கள் சங்கம் 1996இல் நிறுவப்பட்டு, 1997இல் முதற் போட்டிகளை நடத்தியது. அதன் அணிகள் பள்ளிக்கூடங்களுக்குச் செல்வதும், சிறுமியருக்குப் பயிற்சி முகாம்கள் நடத்துவதும், நூல்களும் பாதணிகளும் வழங்குவதும் வழக்கம். இவற்றை நாம் இகழ வேண்டியதில்லை. ஏழைக் கறுப்பினச் சிறுமியொருத்தி, தன்னைப் போன்ற ஒரு பெண் விளையாட்டையே தொழிலாகக் கொண்டு தலைநிமிர்ந்து நிற்பதை நேரிற் காண்பதற்குப் பெறுமதி உண்டு. அதே வேளையில், இத்தகைய நிகழ்ச்சிகள் நுழைவுச்சீட்டு விற்பனைக்கும், அணியின் பெயருக்கும், விளம்பரம் தரும் கம்பனிகளுக்கும் பயன்படுவன என்பதையும் மறுப்பதற்கில்லை. இங்கே சேவையின் எல்லையை வகுப்பவர் உடைமையாளரே.

அந்த எல்லையை ஆட்டக்காரிகளே தாண்டியதற்கு அற்லாண்டா நகரின் அணி சான்றாகும். 2008இல் களமிறங்கிய அவ்வணியின் பெயர் ‘ட்றீம்’, அதாவது, கனவு. அந்நகரிலே பிறந்த மாட்டின் லூதர் கிங் 1963இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையை நினைவூட்டும் பெயர் அது. ஆனால், பெயர் கிங்கினுடையதாயினும் உடைமை வேறு கைகளிலேயே இருந்தது. அணியின் கூட்டு உடைமையாளருள் ஒருவரான கெலி லெஃப்லர் பெருஞ் செல்வர். அவருடைய கணவர், நியூயோர்க் பங்குச் சந்தையைச் சொந்தமாகக் கொண்ட நிறுவனத்தின் தலைவர். 2020 ஜனவரியில் அப்பெண்மணி ஜோர்ஜியா மாநிலத்தின் செனற்றராகவும் பதவியேற்றார்.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பிரியோனா ரெய்லர் என்ற கறுப்பினப் பெண் தன் வீட்டினுள்ளேயே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மே மாதத்தில் ஜோர்ஜ் ஃபுளொயிட் பொலிஸ்காரர் ஒருவரின் முழங்காலின்கீழ் உயிரிழந்தார். நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். அற்லாண்டா அணியைச் சேர்ந்த றெனே மொன்ற்கோமெரி, அப்பருவத்தில் தாம் விளையாடப் போவதில்லை என அறிவித்துத் தம் ஊதியத்தைத் துறந்தார். நகரத்தில் ஊர்வலம் சென்றோருக்குத் தண்ணீர்ப் போத்தல்கள் வழங்கினார். ஏனையோர் கொள்ளைநோய் காரணமாகப் புளோரிடாவில் ஓரிடத்தில் ஒதுங்கியிருந்து விளையாட நேர்ந்தது. பள்ளிக்கூடங்களுக்குச் செல்லவோ, சிறுமியரைச் சந்திக்கவோ இயலாத அக்காலத்திலே, ஆட்டக்காரிகள் அப்பருவத்தைப் பிரியோனா ரெய்லருக்கு அர்ப்பணித்து, அவர் பெயரைத் தம் சீருடையிலே பொறித்துக்கொண்டனர்.

லெஃப்லர் இதனை எதிர்த்தார். ‘கறுப்பின உயிர்களும் பெறுமதியுடையன’ என்ற இயக்கத்துக்குச் சங்கம் ஆதரவு தரலாகாதென்று அதன் ஆணையாளருக்குக் கடிதம் எழுதினார். விளையாட்டிலிருந்து அரசியலை அகற்றவேண்டும் என்பது அவரது வாதம். செனற் சபையில் அமர்ந்துகொண்டே அணியொன்றை உடைமையாக வைத்திருப்பவர் இதனைக் கூறியது விந்தைதான். ஆளுபவரின் அரசியல் இயற்கை நியதி போலத் தோற்றமளிக்கிறது. ஆளப்படுபவர் வாய் திறந்தாலோ அதற்கு ‘அரசியற் கலப்பு’ என்று பெயர் வந்துவிடுகிறது.

ஆட்டக்காரிகள் அவசரப்படவில்லை என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். உடைமையாளரின் பெயரை மீண்டும் மீண்டும் உச்சரித்தால் அவருக்கே விளம்பரம் கிடைக்கும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஆகவே, அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ரஃபேல் வார்னொக் என்பவரைப் பற்றி ஆராய்ந்தனர். அவரோடு நேரடியாக உரையாடி அவருடைய கொள்கைகளைக் கேட்டறிந்தனர். கிங் போதகராக விளங்கிய எபனேசர் தேவாலயத்தின் போதகர் அவர். அரசாங்கக் குடியிருப்பொன்றில் ஏழைக் குடும்பத்திலே வளர்ந்தவர். அவ்வேளையில் கருத்துக் கணிப்பொன்றில் அவருக்கு இருந்த ஆதரவு வெறும் 9 சதவீதமே. 2020 ஓகஸ்ற் 4ஆந் திகதி, நாடு முழுவதும் ஒளிபரப்பான போட்டிக்கு அற்லாண்டா அணியினர் ‘வார்னொக்குக்கு வாக்களியுங்கள்’ என்ற வாசகம் பொறித்த மேற்சட்டைகளுடன் வந்தனர். எதிரணியான பீனிக்ஸ் அணியினரும் அவ்வாறே வந்தனர். இரண்டு நாட்களுக்குள் வார்னொக்கின் தேர்தல் நிதிக்கு 180,000 டொலருக்கு மேற் சேர்ந்தது. 2021 ஜனவரி 5ஆந் திகதி நடைபெற்ற இறுதிச் சுற்றில் அவர் லெஃப்லரைத் தோற்கடித்து, ஜோர்ஜியாவின் முதலாவது கறுப்பினச் செனற்றரானார்.

இவர்கள் இழப்பதற்கு ஒன்றுமில்லாத சீமாட்டிகள் அல்லர். 2020இல் பெண்கள் சங்கத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 57,000 டொலர். ஆண்கள் சங்கத்திலோ புதிதாகச் சேரும் ஒருவருக்கே ஏறத்தாழ 9 இலட்சம் டொலர் கிடைத்தது. ஓய்வுப் பருவத்தில் அந்நிய நாடுகளுக்குச் சென்று விளையாடிப் பிழைத்தவர் பலர். அத்தகையோர், தாம் விளையாடும் அணியின் உடைமையாளருக்கு எதிராகவே நின்றனர். தனித்தனியாக நின்றிருந்தால் அவர்களை இலகுவில் விலக்கியிருக்கலாம். அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது. ஏனைய அணிகளின் தோழமை இருந்தது.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. தேர்தலில் ஒருவர் வெல்வதனால் நிறவெறி அழிந்துவிடாது. அதனைப் பேணும் பொருளாதார அமைப்பும் அசைந்துவிடாது. 2021 பெப்ரவரியில் அணி கைமாறியபோது மொன்ற்கோமெரி பங்காளிகளுள் ஒருவரானார். ஆட்டக்காரியாக இருந்தவர் பங்காளியானது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அதனால் அணி ஆட்டக்காரிகளின் பொதுவுடைமை ஆகிவிடவில்லை. முதல் முதலாகவே இருக்கிறது.

எனினும், மக்களுக்குத் தொண்டு செய்தல் என்பதன் பொருளை அப்பெண்கள் விரித்துக் காட்டினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் பள்ளிக்கூடங்களிலும் சமூகசேவைச் சங்கங்கள் உள்ளன. வெள்ளம் வந்தால் அரிசி சேர்க்கிறோம், அது தொடரட்டும். ஆனால், வெள்ளம் ஏன் ஆண்டுதோறும் அதே குடிசைகளுக்குள் மாத்திரம் புகுகிறது என்று ஒரு மாணவி எழுந்து கேட்பாளாயின், அக்கேள்வி பாடத்திட்டத்திலே இல்லை என்று அவளை நாம் இருத்திவிடலாகாது. அவளுடைய சேவை அக்கேள்வியிலேதான் ஆரம்பிக்கிறது. அவள் தனித்துப்போகாமல் அருகில் நிற்பது ஆசிரியராகிய எங்கள் பொறுப்பு.