கொஞ்சம் காற்றை இறக்குங்கோ

சைக்கிளுக்குக் காற்று அடித்து முடித்ததும் என் அப்பா டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் சற்றே அமிழ்ந்தாலும் மறுபடி பம்பை எடுப்பார். "கல்லு மாதிரி இருக்கோணும்" என்பார். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. அந்தச் சமதரையில், தார் ரோட்டில், அவர் சொன்னது சரிதான். அந்தச் சரியை நான் அறுபது வருடமாகப் போன இடமெல்லாம் சுமந்துகொண்டு போனேன்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதிக்கும் அப்படித்தான் கொண்டுபோனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பேரன் என்னை ஒரு கிராவல் பைக் வாங்க வைத்தான். பார்வைக்கு ரோட்டு சைக்கிள் போலவே வளைந்த ஹாண்டில். ஆனால் டயர் 40 மில்லிமீட்டர் அகலம், கியரும் ஏற்றத்துக்கு ஏற்றபடி மிகவும் இலேசானது. சரளைக் கல்லிலும் மண்ணிலும் ஓடுவதற்கென்றே செய்தது. முதல் நாள் வீட்டிலேயே 60 பவுண்ட் காற்று அடித்துக்கொண்டு போனேன்.

ஹை பீக் டிரெயில் என்ற பாதையில், மிடில்டன் டாப் என்ற இடத்தில் தொடங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பாதையிலிருந்து விலகி, இரண்டு பக்கமும் சாந்தில்லாமல் அடுக்கிய கல் மதில்களுக்கு நடுவே ஒரு ஒழுங்கைக்குள் இறங்கியதும்தான் வினை. முன் சில்லு ஒவ்வொரு கல்லிலும் பட்டுத் துள்ளியது. ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இன்னும் துள்ளியது. விழுந்தேன். முழங்கை உரிந்தது.

"அப்பப்பா, காத்துக் கூடிப்போச்சு. கொஞ்சம் இறக்குங்கோ" என்று சொல்லிப் பேரன் தானே வால்வை அழுத்தினான். உஸ்ஸென்று காற்றுப் போகப் போக எனக்கு நெஞ்சு பதைத்தது. டயரை நாசமாக்குகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு அதே இறக்கத்தில் மறுபடி இறங்கினேன். சைக்கிள் நிலத்தைப் பிடித்துக்கொண்டு போனது.

காரணம் எளியது. கல்லுப்போல் இருக்கும் டயர் ஒரு கல்லைச் சந்தித்தால், சைக்கிளும் ஆளும் சேர்ந்து அந்தக் கல்லின் உயரத்துக்கு எழும்ப வேண்டியிருக்கிறது. முன்னே போக வேண்டிய விசையில் ஒரு பங்கு மேலே போய் வீணாகிறது. எழும்பிய கணத்தில் சில்லுக்குப் பிடியும் இல்லை. இளகிய டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கடந்துவிடும். நிலத்தில் படும் பரப்பும் கூடும். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது. அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல் இரண்டு ஓட்டை விழும். ஆளின் எடைக்கும் அன்றைய பாதைக்கும் ஏற்ற அளவை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று இரவு முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டு இருந்தபோது என் மகனைத்தான் நினைத்தேன். பதினாறு வயதில் அவன் ஓவியம் படிக்க விரும்பினான். நான் ஒரு சொல்லும் இளகவில்லை. கணக்கே படித்தான், நல்ல உத்தியோகமும் பார்க்கிறான். ஆனால் பதினைந்து வருடம் என்னோடு தேவைக்கு மட்டுமே கதைத்தான். நான் அதைத் தகப்பனின் உறுதி என்று பெருமையாகவே நினைத்திருந்தேன்.

விறைப்பாக நின்றால் போதாது என்பதையே நாங்கள் ஓடும் அந்தப் பாதையின் வரலாறும் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஹை பீக் டிரெயில் முன்பு ஒரு ரயில் பாதை. 1830, 1831 ஆண்டுகளில் திறந்த குரோம்ஃபோர்ட் – ஹை பீக் ரயில்வே. நீளம் 33 மைல். ஒரு கால்வாயிலிருந்து மலையைத் தாண்டி இன்னொரு கால்வாய்க்குச் சரக்குக் கொண்டுபோக வேண்டும். மேலே கால்வாய் வெட்டினால் தண்ணீர் போதாது. அதனால் ஜோசையாஸ் ஜெசப் என்ற பொறியாளர் ரயில் பாதையையே கால்வாய்போல வகுத்தார். கால்வாயில் மதகு வைத்துப் படகை உயர்த்தும் இடங்களில் இவர் செங்குத்தான சரிவுகளை வைத்தார். உச்சியில் நின்ற நீராவி இயந்திரம் வண்டிகளைச் சங்கிலியாலும் பிறகு கம்பிக் கயிற்றாலும் மேலே இழுத்தது. இடைப்பட்ட சமதரையில் தொடக்க காலத்தில் குதிரைகள் இழுத்தன. மிடில்டன் டாப்பில் 1829இல் செய்த இயந்திரம் இன்றும் அதன் கட்டடத்தில் இருக்கிறது. 1963 வரை வேலை செய்தது. வண்டியால் தானாக ஏற முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு போட்ட பாதை அது. 1967இல் ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தைக் கழற்றி, பாதையை நடப்பவர்களுக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் விட்டார்கள். மினிங்லோ பக்கம் மதில்போல் கல் அடுக்கிய உயர்ந்த கரையின்மேல் ஓடும்போது, அந்தக் கற்களைத் தூக்கி வைத்த கைகளை நினைக்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

சைக்கிள்காரருக்கு இங்கே எல்லாப் பாதையிலும் உரிமை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் அம்பு போட்டது நடைபாதை. அதில் ஓடக் கூடாது. நீல அம்பு போட்டது பிரைடில்வே, குதிரைப் பாதை. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம்தான் பிரைடில்வேக்களில் சைக்கிள் ஓட வழிவிட்டது. அதே பிரிவிலேயே, நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஒருநாள் குதிரையில் போன ஒரு பெண்மணிக்குப் பின்னால் மணி அடித்தேன். குதிரை மிரண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. அவர் அதை அடக்கி நிறுத்திவிட்டு, "மணியைவிடப் பேச்சே நல்லது; மனிதக் குரல் கேட்டால் அது பயப்படாது" என்று அமைதியாகச் சொன்னார். கோபப்பட அவருக்கு முழு நியாயம் இருந்தது. அன்றிலிருந்து தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, காலை வணக்கம் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே விலகிக் கடக்கிறேன்.

ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதற்கும் நான் முன்பு வெட்கப்பட்டேன். கிராவல் பைக் என்ற பெயரே வராத காலத்தில், 1955இல், லெமின்ஸ்டர் ஊரில் ஒரு மதுச்சாலையில் கூடிய சில சைக்கிள்காரர்கள் ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் இருந்தது அந்தக் காலத்துச் சாதாரண சைக்கிள். ஓட முடிந்த இடத்தில் ஓடினார்கள், முடியாத இடத்தில் தள்ளினார்கள், ஓடையும் பாறையும் வந்தால் தோளில் தூக்கினார்கள். தள்ளுவது அவர்களுக்குப் பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. எனக்கும் இப்போது அப்படித்தான்.

சென்ற வருடம் மகனோடு சைக்கிளில் போய், பார்ஸ்லி ஹே என்ற இடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவனிடம் அந்த ஓவியப் பேச்சை எடுத்தேன். நான் செய்தது பிழை என்று சொன்னேன். அவன் நீண்ட நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பரவாயில்லை அப்பா, எழும்புங்கோ, மழை வரப்போகுது" என்றான். அவ்வளவுதான் கதைத்தோம். திரும்பும்போது அவன் என் பக்கத்திலேயே ஓடிவந்தான்.

இங்கிலாந்தில் இருக்கும், என் வயதை நெருங்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆஷ்போர்னில் தொடங்கி பார்ஸ்லி ஹே வரை போகும் டிசிங்டன் டிரெயில் 13 மைல். அதுவும் பழைய ரயில் பாதைதான். ரயிலுக்காகப் போட்டதால் ஏற்றம் மெதுவானது. ஆஷ்போர்னிலிருந்தே தொடங்குங்கள். கால் களைக்கும் முன் ஏறிவிட்டால், களைத்த பிறகு வரும் வழி பெரும்பாலும் இறக்கம். சுண்ணாம்புக்கல் தூள் போட்ட பாதை என்பதால் மழைக்குப் பிறகு வெள்ளைச் சேறு சங்கிலியில் அப்பும். வீட்டுக்கு வந்ததும் கழுவி எண்ணெய் விடுங்கள். வழியில் வரும் படலைகளைத் திறந்தால், முன்பு இருந்தபடியே விட்டுப் போங்கள்; உள்ளே ஆடுகள் நிற்கும். உங்கள் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். என் டயரில் இப்போது முன்னே 30 பவுண்ட், பின்னே 34.