350-ஆ, 650-ஆ?

பிள்ளைகளே, இந்த வயசில் ராயல் என்ஃபீல்டு வாங்கப் போகிறேன், சிரிக்காதீர்கள். மகன் சூப்பர் மீட்டியர் 650-தான் எடுக்கணும் என்றான். 648 சிசி, இரண்டு சிலிண்டர். நாலுவழிச் சாலையில் அசராமல் போகும், உண்மைதான். ஆனால் நாகர்கோவில் – தக்கலை நெரிசலில் எங்கே பறப்பது? நான் பார்த்தது எடையை. அது 241 கிலோ. மீட்டியர் 350 என்றால் 191. வித்தியாசம் ஒரு சிமெண்ட் மூட்டை.

போன ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் நிறுத்தியிருந்த என் பழைய பைக்கைக் காற்று சாய்த்துவிட்டது. மூட்டுவலியோடு என் மனைவியும் கைகொடுத்துத்தான் நிமிர்த்தினோம். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. "இனி பஸ்ஸிலேயே போவோம்" என்றாள். அவளைப் பின்னால் உட்காரவைத்து முட்டம் கடற்கரைக்குப் போகத்தானே வண்டியே!

350-க்கு முன்பணம் கட்டியாச்சு. அவள் சாய்ந்துகொள்ள முதுகுத்தாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.