பதவிக்கு முன்னும் பின்னும்

பிள்ளைகளே, மலேசியாவில் நம் திரிங்காப் ஊரிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளை உளவியல் படிக்க ஆசைப்பட்டால், "அதைப் படித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. கொழுந்தை நிறுத்துக் கூலி வாங்கிய குடும்பம் படிப்பையும் நிறுத்துத்தான் பார்க்கும். அவர்களுக்கு நான் இந்திய உளவியலாளர் கொனேரு ராமகிருஷ்ண ராவின் கதையைச் சொல்வதுண்டு.

1932இல் பிறந்த அவர், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். பிறகு அமெரிக்கா சென்று, வட கரோலினாவில் ஆய்வாளர் ஜே. பி. ரைனிடம் சேர்ந்தார். கண், காது முதலிய புலன்களின் துணையின்றி மனம் எதையேனும் அறிய முடியுமா என்பதைச் சோதனைச்சாலையில் ஆராயும் முறையை அங்கே கற்றார். தத்துவம் கற்றுத் தேர்ந்தவர் சோதனை முறையை அடியிலிருந்து பழகினார். அடியிலிருந்து தொடங்குவதில் இழிவில்லை. ஆனால் தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார நேர்ந்த பிள்ளைகள் கூனிக் குறுகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கவாத்து செய்த தேயிலைச் செடி சில மாதம் மொட்டையாகத்தான் நிற்கும். பட்டுப்போனதென்று அதை யாரும் பிடுங்குவதில்லை.

ஊர் திரும்பியவர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கும், புலன் கடந்த அறிதலை ஆராயும் பரா உளவியலுக்குமாக ஒரு துறையைத் தொடங்கினார். பரா உளவியலை அறிவியல் உலகில் பெரும்பாலோர் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. அதன் சான்றுகள் எனக்கும் போதியவையாகத் தோன்றவில்லை. ஆனால் அவர் எதிர்ப்பைச் சந்தித்த விதத்தைப் பாருங்கள். 1987இல் அவரும் சக ஆய்வாளர் ஜான் பால்மரும் தங்கள் வாதத்தை ஓர் ஆய்விதழில் முன்வைத்தார்கள். அந்த இதழிலேயே உளவியலாளர் ஜேம்ஸ் ஆல்காக்கின் கடுமையான மறுப்பும், பல அறிஞர்களின் கருத்துரைகளும் வெளிவந்தன. மறுப்பவரோடு ஒரே பந்தியில் அமர்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஏளனத்தைப் பொறுத்துக்கொள்வது ஒரு பொறுமை. நியாயமான மறுப்பைக் கடைசி வரி வரை படித்துப் பதில் சொல்வது அதனினும் பெரிய பொறுமை. இளம் வயதில் நமக்கு முன்னது வாய்த்துவிடுகிறது, பின்னது எளிதில் வருவதில்லை.

1984இல் அவர் தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானார். மனத்தை ஆராய்ந்தவருக்கு மனிதர்களை நடத்தும் பொறுப்பு வந்தது. அந்தப் பதவி மூன்றாண்டு. வாழ்வின் உச்சி அதுவே என்று ஊர் எண்ணியிருக்கலாம். ஆனால் அவர் ஆய்வை விடவில்லை. 2008இல் இந்திய உளவியல் பற்றிய பெருந்தொகுப்பு ஒன்றைப் பரஞ்ச்பே, தலால் ஆகியோருடன் சேர்ந்து பதிப்பித்தபோது அவருக்கு எழுபத்தைந்து வயது கடந்திருந்தது. இந்திய தத்துவ ஆய்வுக் கழகத்தின் தலைமை, 2011இல் பத்மஸ்ரீ, கீதம் பல்கலைக்கழக வேந்தர் பொறுப்பு எல்லாம் முதுமையில் வந்தவை. 2021இல் மறைந்தார்.

இனி உங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். துணைவேந்தர் ஆகலாம் என்று பெற்றோருக்கு ஆசை காட்டாதீர்கள். நம் பள்ளிகளில் ஆலோசக ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். தமிழில் மனம் விட்டுப் பேச ஓர் ஆள் கிடைத்தால் தோட்டத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! மலேசியாவில் ஆலோசகராகத் தொழில் நடத்த 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். நீங்கள் எடுக்கப்போகும் பட்டம் அந்தப் பதிவுக்குச் செல்லுமா என்பதை, விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள்.