வாடிக் காட்டும் செடி

கம்பைநல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நேர் வெயில் விழாது. அங்கே வைக்க ஒரு செடி வாங்கத் தர்மபுரிக்குப் போனேன். நர்சரிக்காரர் இரண்டைக் காட்டினார்: ஸ்நேக் பிளான்ட், பீஸ் லில்லி.

“வேலைக்குப் போறீங்க இல்ல மேடம், ஸ்நேக் பிளான்ட் எடுத்துக்கங்க. 15 நாள் தண்ணி ஊத்தலைன்னாலும் ஒண்ணும் கேக்காது.”

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. தடித்த இலையிலும் கிழங்கிலும் நீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதற்கு ‘மாமியார் நாக்கு’ என்றும் ஒரு பெயர். எதுவும் கேட்காமல் கிடப்பதற்கும் பெண்ணைப் பழிக்கும் பெயர்தான்.

பீஸ் லில்லி மண் காய்ந்ததும் மொத்தமாகத் தொங்கிவிடும். ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். “ரொம்பத் தொல்லைங்க” என்றார்.

எனக்கு அம்மா நினைவு வந்தது. எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதைத் தின்பாள். “அவளுக்கு எதுவும் வேணாம்” என்று சொந்தபந்தம் மெச்சியது. கேட்காததால் தேவையே இல்லை என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம். ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்த அன்றுதான் அவளுக்கு ஹீமோகுளோபின் 6 என்று தெரிந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

பீஸ் லில்லியையே வாங்கினேன். பத்து வயது மகனிடம், “தண்ணி ஊத்தறது உன் வேலை” என்றேன். ஒருநாள் மறந்துவிட்டான். இலைகள் தொங்கின. என் கை சொம்பைத் தேடியது, அடக்கிக்கொண்டேன். பள்ளி விட்டு வந்தவன் பார்த்துப் பதறி ஊற்றினான். இரவுச் சாப்பாட்டுக்குள் செடி நிமிர்ந்திருந்தது. அன்று நானும் அவர்களோடே உட்கார்ந்து சாப்பிட்டேன்.