வண்டி நேரமும் டிகாக்ஷனும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்தொடர் வண்டிகள் ஓடிவரும் தடத்தில், நிலைய வாயில்களை ஒட்டியுள்ள காபிக் கடைகள் தெருவை நம்பி நடக்கும் கடைகளிலிருந்து வேறுபட்டவை. நிலையக் கடைக்கு வருபவர் உட்கார்வதில்லை, அடுத்த வண்டி வருமுன் நின்றபடியே குடித்து முடிக்க வேண்டியவர்.

இக்கடைகளில் காபி போடுபவர் 'மாஸ்டர்' எனப்படுகிறார். உயரத் தூக்கி ஆற்றுவதே அவர் தொழில் என்று பார்ப்பவருக்குத் தோன்றினாலும், அதன் கடினமான பகுதி கூட்டம் சேருமுன்பே டிகாக்ஷனில் முடிந்துவிடுகிறது. டிகாக்ஷன் என்பது, துளையிட்ட மேலடுக்கில் காபித்தூளை இட்டு வெந்நீர் ஊற்ற, கீழடுக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சேரும் சாறு. தூளை மிகவும் அழுத்திவிட்டால் சாறு இறங்காது, தளர விட்டால் நீர்த்துப்போகும், எப்படியானாலும் அவசரப்படுத்த இயலாது. தூளில் கலக்கும் சிக்கரி, அதாவது ஒருவகைச் செடியின் வறுத்த வேர், சாற்றுக்கு நிறமும் கெட்டியும் தருகிறது. கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்கிறது உணவுச் சட்டம்; கடைத்தூளின் விகிதத்தைத் துருவிக் கேட்காதிருப்பது வாடிக்கையாளரின் நாகரிகம்.

ஆகவே எட்டு மணிக் கூட்டத்துக்கான டிகாக்ஷனை மாஸ்டர் விடியலிலேயே போட்டுவைக்கிறார். குறைந்தால் வாடிக்கை போகும், மிஞ்சினால் மணம் இறங்கிய சாறு வீணாகும். வண்டி வரும் அறிவிப்பு காதில் விழுந்ததும் டபரா டம்ளர்கள் வரிசையாகப் பரப்பப்பட்டு, சர்க்கரையும் டிகாக்ஷனும் கண்மதிப்பிலேயே விழ, இளந்தீயில் கிடக்கும் பால் மேலிருந்து ஊற்றப்படுகிறது. 'ஸ்ட்ராங்', 'லைட்', 'சர்க்கரை கம்மி' என்று நாளும் வருபவர் வாய்திறக்குமுன், முகத்தைக் கண்டே கை அளவைக் கூட்டிக் குறைத்துவிடுகிறது.

இக்கணக்கு 2020 மார்ச் 22 நள்ளிரவோடு, கொரோனாப் பரவலைத் தடுக்கப் புறநகர் வண்டிகள் நிறுத்தப்பட்டபோது அறுந்தது. 24ஆம் நாள் மாலை 144 தடையுத்தரவு வந்தது; அதைத் தொடர்ந்து கடைகளும் மூடப்பட்டன. நாட்கூலிக்கு நின்ற மாஸ்டருக்கும், டம்ளர் கழுவுபவருக்கும், கடை மாடியிலேயே படுத்துறங்கிய வெளியூர்ப் பையன்களுக்கும் அன்றாடக் கூலியோடு மூன்று வேளைச் சாப்பாடும் அதே கடையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பதால், பூட்டிய கதவு அவர்களுக்கு வேலையிழப்பை விடப் பெரியதாயிற்று.

மே 11 முதல் தேநீர்க் கடைகள் பார்சலுக்கு மட்டும் திறக்கலாம் என்ற தளர்வு தெருக்கடைகளுக்கு ஓரளவு உதவியது. ஆனால் வண்டியே வராத நிலைய வாயிலில் பார்சல் கேட்க ஆளில்லை. அக்டோபர் 5 முதல் இன்றியமையாப் பணியாளருக்கும், டிசம்பர் 23 முதல் பொதுமக்களுக்கும் வண்டி திறக்கப்பட்டபோதும், ஆண்களுக்கு நெரிசலில்லா நேரத்தில் மட்டுமே பயணம் அனுமதிக்கப்பட்டதால், நெரிசலையே முதலாகக் கொண்ட கடைகளுக்கு அது பாதித் திறப்பாகவே இருந்தது.

திறந்த கடைகளில் டபரா டம்ளருக்குப் பதில் பேப்பர் கப் வந்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையைத் தமிழகம் 2019 தொடக்கத்திலேயே தடைசெய்திருந்தும், எச்சில் அச்சத்தின் முன் அத்தடை எடுபடவில்லை. ஆற்றிக் குடிக்கக் கப்பில் இடமில்லை என்பதால், குடிக்கும் சூட்டுக்கு ஆற்றித் தருவதும் மாஸ்டரின் கணக்கில் சேர்ந்துகொண்டது.