மூலை மடிந்த படம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம் வீட்டின் கீழ்த்தளத்தில் மார்பளவு தண்ணீர் நின்றது. பீரோவின் அடித்தட்டில் இருந்த அக்காவின் கல்யாண ஆல்பம் மூன்று நாள் ஊறிக் கிடந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் ஒரு தாளிலும் மாலை இன்னொரு தாளிலுமாக வந்தது. அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. வெயிலில் காயவைத்து, பழைய வேட்டியில் சுற்றி, அடையாறுக்கு வீடு மாறியபோதும் கையோடு கொண்டுவந்தார்.

2023-இல் அக்காவுக்குக் கல்யாணமாகி இருபது வருடம் முடிந்தது. ஆல்பம் முழுக்க வேண்டாம், ஒரே ஒரு பக்கத்தை மட்டும் திரும்பப் போட்டுத் தர முடியுமா என்று அம்மா கேட்டார். மாலை மாற்றும் படம். அதன் வலது கீழ் மூலை, யாரோ விரலால் பக்கம் புரட்டுவதுபோலச் சுருண்டிருக்கும். சுருளுக்கு அடியில் தாலி கட்டும் படம் எட்டிப் பார்க்கும். 2003-இல் தி. நகர் மண்டபங்களில் நடந்த கல்யாணங்களில் பாதி ஆல்பங்களிலாவது இந்த மடிப்பைப் பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கு அந்த மடிப்புதான் அந்தப் படம்.

படம் எடுத்த ஸ்டுடியோ எல்.பி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இன்னும் இருக்கிறது. கடைக்கார அண்ணன் அறுபதைத் தாண்டிவிட்டார். பரணிலிருந்து ஒரு சிடி பெட்டியை இறக்கி, மார்க்கர் பேனாவில் தேதி எழுதியிருந்த மூன்று சிடிக்களைப் பத்தே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். படங்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் மடிப்பு இல்லை. "எஃபெக்ட் போட்ட ஃபைலை பிரின்ட் போனதும் அழிச்சிடுவோம் தம்பி. அப்ப ஹார்டு டிஸ்க்கே நாற்பது ஜிபிதான்" என்றார். நான்காவதாக ஒரு சிடி எடுத்தார். அதன்மேல் 'ஃபில்டர்' என்று மட்டும் எழுதியிருந்தது. "இதுலதான் அந்த மடிப்பு இருக்கு. புது மெஷின்ல காப்பி பண்ணிப் பார்த்தேன். போல்டர்ல இருக்கு, மெனுவுல வர மாட்டேங்குது."

ஃபில்டர் இருக்கிறது, ஆனால் வரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தின் பின்னால்தான் ஒரு மாதம் அலைந்தேன்.

கோப்பின் பெயர் .8பிஎஃப் என்று முடிந்தது. போட்டோஷாப்பில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இந்த வாலைப் பார்த்திருப்பார்கள். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. முதலில் அதை நோட்பேடில் திறந்தேன். திரை முழுக்கக் குப்பை எழுத்துகள். ஆனால் முதல் இரண்டு எழுத்து 'எம் இசட்'. விண்டோஸ் இயக்கும் எந்த நிரலும் இப்படித்தான் தொடங்கும். டாஸ் காலத்துப் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. ஆக, பெயரின் வால் வேறாக இருந்தாலும் அது ஒரு டிஎல்எல். தனியாக ஓடாது, இன்னொரு நிரலின் வீட்டுக்குள் போய்த்தான் வேலை செய்யும்.

கொஞ்சம் கீழே 'பி இ' என்று இரண்டு எழுத்து வரும். அதை அடுத்து வருவதுதான் முக்கியம். பெரிய 'எல்' இருந்தால் அந்த நிரல் 32-பிட். சிறிய 'டி'யும் அருகில் சிலுவை போன்ற ஒரு குறியும் இருந்தால் 64-பிட். எங்கள் கோப்பில் 'எல்' இருந்தது. அண்ணனின் புதுக் கணினியில் இருப்பது 64-பிட் போட்டோஷாப். ஒரே நினைவகத்தில் இரண்டு அளவு முகவரிகள் புழங்க முடியாது என்பதால் 64-பிட் நிரல் 32-பிட் டிஎல்எல்லை உள்ளே ஏற்றவே ஏற்றாது. பிழைச் செய்தியும் காட்டாமல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் மெனுவில் இடம் காலியாக இருந்தது.

விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த மூன்று எழுத்து விடவில்லை. இந்த வீடு, இந்த விருந்தாளி என்ற ஏற்பாட்டை யார் செய்தது?

தேடிப் போனால் போட்டோஷாப் விண்டோஸுக்கு வருவதற்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டியிருந்தது. மிச்சிகனில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தாமஸ் நோலும், ஜார்ஜ் லூகாஸின் ஐஎல்எம் நிறுவனத்தில் சினிமாவுக்கு எஃபெக்ட்ஸ் செய்துகொண்டிருந்த அவருடைய தம்பி ஜானும் 1987 வாக்கில் தொடங்கிய நிரல் அது. 1990 பிப்ரவரியில் அடோபி அதை போட்டோஷாப் 1.0 என்று மேக்கின்டோஷுக்கு மட்டும் வெளியிட்டது. ஃபில்டர்களைத் தனித் துண்டுகளாக எழுதியதில் பெரும்பங்கு ஜானுடையது. அடோபியில் சிலருக்கு அவை வெறும் வித்தை வேலையாகத் தெரிந்தன. மைய நிரலுக்குள் இடம் கேட்டு நிற்காமல் வெளியிலிருந்து செருகும் துண்டாக இருந்தால் தடை குறைவு. செருகுநிரல் என்று நாம் இன்று சொல்லும் ப்ளக்-இன் போட்டோஷாப்பில் வேரூன்ற இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் அந்த யோசனை நோல் சகோதரர்களோடு தொடங்கியதல்ல. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இருந்த சிலிக்கன் பீச் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் தன் டிஜிட்டல் டார்க்ரூம், சூப்பர்பெயின்ட் என்ற மேக் நிரல்களில் போட்டோஷாப்புக்கு முன்பே ப்ளக்-இன் வசதி வைத்திருந்தது. அந்த நிறுவனத்தை 1990-இல் ஆல்டஸ் வாங்கியது. 1994-இல் ஆல்டஸை அடோபி சேர்த்துக்கொண்டது. யோசனை முதலில் பிறந்த வீடும் கடைசியில் அடோபியின் கைக்கே வந்து சேர்ந்தது. ஆல்டஸ் விற்றுவந்த கேலரி எஃபெக்ட்ஸ் ஃபில்டர்களும் அப்படியே போட்டோஷாப்புக்குள் போயின. நீர்வண்ணம் போலவும் கரிக்கோடு போலவும் படத்தை மாற்ற இன்று அழுத்துகிறோமே, அவற்றின் பூர்வீகம் அதுதான்.

அந்தக் கால மேக்கில் கோப்புப் பெயருக்கு வால் கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு எழுத்தில் இரண்டு குறியீடுகள் மறைவாக இருக்கும்: எந்த வகை, எந்த நிரல் படைத்தது. போட்டோஷாப் தனக்கு எடுத்துக்கொண்ட குறியீடு 8பிஐஎம். ஃபில்டருக்கு 8பிஎஃப்எம். ஸ்கேனரிலிருந்து படம் வாங்கும் துண்டுக்கு 8பிஏஎம், வெளியே அனுப்பும் துண்டுக்கு 8பிஇஎம். விண்டோஸுக்கு வரும்போது டாஸ் வழக்கப்படி வாலுக்கு மூன்று எழுத்துக்குமேல் இடமில்லை. கடைசி 'எம்' உதிர்ந்தது. மிச்சம்தான் அண்ணனின் சிடியில் இருந்த .8பிஎஃப்.

இதை அவரிடம் காட்ட ஒரு வழி இருந்தது. போட்டோஷாப்பில் சேமித்த ஒரு ஜேபெக் படத்தை அவர் கடையிலேயே நோட்பேடில் திறந்தேன். முதல் சில வரிகளுக்குள் குப்பைக்கு நடுவே 8பிஐஎம் என்று தெளிவாக நின்றது. ஒரு முறையல்ல, பல முறை. முப்பது வருடத்துக்கு முந்தைய மேக் குறியீடு நேற்று அடித்த கிரகப்பிரவேசப் படத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

விண்டோஸ் என்றதும் அவருக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. "போட்டோஷாப் தொறக்கும்போது பேருங்க வரிசையா வருமே, அதுல சீதாராமன் நாராயணன்னு ஒரு பேர். அதைப் பார்த்துட்டுத்தான் தினம் வேலையை ஆரம்பிப்பேன்." உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்தப் பெயரை இப்படித்தான் கவனித்திருக்கிறார்கள், அவருக்கு ரசிகர் கூட்டமே இருந்தது. போட்டோஷாப்பை மேக்கிலிருந்து விண்டோஸுக்குக் கொண்டுவந்த பொறியாளர்களில் ஒருவர் அவர். அந்த வேலை நடந்திராவிட்டால் ரிச்சி தெருவில் உதிரி பாகம் வாங்கிக் கூட்டிய கணினியில் அடையாறு ஸ்டுடியோக்காரர் ஆல்பம் போட்டிருக்க முடியாது. மேக் வாங்கும் வசதி இங்கே எத்தனை பேருக்கு இருந்தது?

இணக்கம் என்பது உண்மையில் எதில் இருக்கிறது என்று அடோபி வெளியிட்ட விவரங்களைப் படித்தபோதுதான் புரிந்தது. வீடும் விருந்தாளியும் பேசிக்கொள்ள எழுதிவைத்த ஒரு முறை இருக்கிறது. அளவுகளைக் கேள், தயாராகு, தொடங்கு, தொடர், முடி என்று போட்டோஷாப் வரிசையாக அழைக்கும். படத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்கும். ஃபில்டர் கணக்குப் போட்டுத் திருப்பித் தரும். ஒவ்வொரு ஃபில்டரும் தன் கழுத்தில் ஒரு சீட்டையும் மாட்டியிருக்கும். அதற்கு பிப்பிள் என்று பெயர். மெனுவில் எங்கே நிற்க வேண்டும், ஆர்ஜிபி மட்டும் தெரியுமா சிஎம்ஒய்கே தெரியுமா, எந்த வகை இயந்திரத்துக்கு எழுதியது எல்லாம் அதில் இருக்கும். பத்திரிகை அச்சுக்காகப் படத்தை சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியதும் பாதி ஃபில்டர்கள் மங்கிப்போகிறதே, அதற்குக் காரணம் அந்தச் சீட்டுதான்.

இந்த முறையை அடோபி பூட்டி வைக்கவில்லை, வெளியில் சொன்னது. கணினி உலகில் நடந்த பெரிய உபகாரங்களில் ஒன்றாக இதை நினைக்கிறேன். அதனால்தான் பெயின்ட் ஷாப் ப்ரோ, இர்ஃபான்வியூ, பின்னாளில் அஃபினிட்டி போட்டோ என்று வேறு வீடுகளும் அதே விருந்தாளிகளுக்குக் கதவு திறந்தன. இலவச நிரலான கிம்ப்பில் இவற்றை ஓட்ட பின்லாந்தின் தோர் லில்க்விஸ்ட் பிஎஸ்பிஐ என்று ஒரு பாலமே கட்டினார்.

மடிப்பு எங்கிருந்து வந்தது? அந்த நாகரிகத்தைப் பரப்பியது கைஸ் பவர் டூல்ஸ். ஜெர்மனியில் பிறந்த கை க்ராஸ் 1992-இல் தொடங்கிய தொகுப்பு. அதிலிருந்த 'பேஜ் கர்ல்' உலகம் முழுக்கப் பரவி, பலர் அதைப் போலவே செய்து விற்றார்கள். எங்கள் சிடியில் இருந்ததும் அப்படி ஒரு சிறு நிறுவனத்தின் பிரதி. பவர் டூல்ஸ் 2000 வாக்கில் கோரல் நிறுவனத்துக்குக் கைமாறியது. நிக் கலெக்‌ஷனுக்கும் இதே கதைதான்: அந்த ஃபில்டர் தொகுப்பை 2012-இல் கூகுள் வாங்கியது, 2016-இல் இலவசமாகக் கொடுத்தது, 2017-இல் மேம்பாட்டை நிறுத்தியது, அதே ஆண்டு டிஎக்ஸ்ஓ வாங்கி உயிர் கொடுத்தது. பிட் கணக்கைவிட இதுதான் பெரிய ஆபத்து என்று இப்போது நம்புகிறேன். நிறுவனம் உயிரோடு இருந்தால் 64-பிட்டுக்குத் திரும்ப எழுதித் தருவார்கள். இல்லாவிட்டால் யார் தருவார்?

கதவு ஒரே நாளில் மூடவில்லை. விண்டோஸில் 2008-இல் சிஎஸ்4 64-பிட்டாக வந்தது, மேக்கில் 2010-இல் சிஎஸ்5. விண்டோஸில் பத்து வருடம் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 2018 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து 32-பிட் இல்லை. 2021-இல் ஆப்பிளின் புதுச் சில்லுக்கு போட்டோஷாப் மாறியபோது இன்டெல் மேக்குக்கு எழுதிய ஃபில்டர்களுக்கும் இதே சோதனை வந்தது.

ஆனால் விண்டோஸ் இன்னும் 32-பிட் நிரல்களை ஓட்டுகிறது. வீடு 32-பிட்டாக இருந்தால் போதும். அண்ணனின் புதுக் கணினியிலேயே இர்ஃபான்வியூவின் 32-பிட் பதிப்பையும் அதன் ப்ளக்-இன் தொகுப்பையும் போட்டோம். முதல் முறை ஃபில்டர் முரண்டு பிடித்தது. அதற்கு எம்எஸ்விசிஆர்டி10 என்ற பழைய டிஎல்எல் தேவைப்பட்டது. அது அதே சிடியின் ஒரு மூலையில் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் யாரோ யோசித்துச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாம் முறை சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. மடிப்பின் கோணம், ஆரம், நிழல் என்று மூன்று நகர்த்திகள். அண்ணன் சுட்டியை வாங்கிக்கொண்டார். எண்களைப் பார்க்கவில்லை. கை தானாகப் போனது. மூலை சுருண்டது.

வேட்டியில் சுற்றிய பழைய தாளை அம்மா பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிழல் கொஞ்சம் அதிகம் என்றார். குறைத்தோம். பிறகு சரி என்றார்.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களிடமும் வீட்டில் ஆல்பம் வேலை பார்த்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முடித்த படத்தில் லேயர்களை ஒன்றாக்கி ஒரு டிஃப் நகல் தனியாக வையுங்கள். ஃபில்டர் போனாலும் பிக்சல் போகாது. ஸ்மார்ட் ஃபில்டராகப் போட்டுவிட்டு பிஎஸ்டியை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஃபில்டர் இல்லாத கணினியில் பார்க்கலாம், திருத்த முடியாது. பயன்படுத்திய ஃபில்டரின் பெயர், பதிப்பு, நகர்த்திகளின் எண்கள் இவற்றை அதே போல்டரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எழுதி வையுங்கள். பழைய கணினியை எடைக்குப் போடும் முன் ஹார்டு டிஸ்க் முழுக்க .8பிஎஃப் என்று ஒரு தடவை தேடுங்கள். வருவதையெல்லாம் பக்கத்தில் இருக்கும் டிஎல்எல்களோடு ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமும் சில மெகாபைட்தான் இருக்கும்.